நானூற்றுப் பன்னிரண்டாம் புத்தகம்

வாட்ச்மேனின் மேஜை ஆடியது. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

லிஃப்ட் மெக்கானிக் அந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு மாதாந்திர சர்வீஸுக்கு வந்திருந்தார். மேலே மெஷின் அறையில் தூசி தட்டி, பிரேக் பார்த்து, ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, கீழே வந்து, சர்வீஸ் தாளில் கையெழுத்துக்காக நின்றார். வாட்ச்மேன் பேனாவை ஊன்றியதும் மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “இருங்க சார்” என்று அவர் இழுப்பறையிலிருந்து ஒரு தபால் உறையை எடுத்தார், நான்காக மடித்தார், குனிந்து மேஜையின் குட்டைக்காலுக்கு அடியில் சொருகினார். மேஜை நின்றது. மெக்கானிக்குக் கைகால் ஓடவில்லை.

“என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? அது ஏழாம் மாடிக்காரனுக்கு வந்தது. அவன் காலி பண்ணிட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சு.”

“பிரிச்சுப் பாத்தீங்களா?”

“அடுத்தவன் லெட்டர நான் எதுக்குப் பிரிக்கறேன்? நல்லா கேட்டீங்க போங்க.”

கையெழுத்தான தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார்.

ஒரு பெண் தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமலே மடித்து, ஆடுகிற மேஜையின் குட்டைக்காலுக்கு அடியில் வைக்கிறாள். இதை அவருக்குச் சொன்னவள் அவர் மனைவி. நான்கு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாள். அதை நோயின் உளறல் என்று அவர் முடிவு கட்டினார். முடிவு கட்டியதோடு நிற்காமல் டாக்டரிடமும் போய்ச் சொன்னார். இப்போது அந்தக் கட்டடத்து வாசலில், வெயிலில் நின்றுகொண்டு, முதல்முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. உளறலுக்குள் ஒரு குட்டைக்கால் இருக்குமா? உளறுகிறவர்களுக்கு அவ்வளவு நிதானம் ஏது?

விஷயம் ஒரு புத்தகம். அதை அவர் படித்தது இருபத்திரண்டு வயதில். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறு பேர் ஒரு அறையில் தங்கியிருந்த காலம். தெருமுனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. அங்கே எடுத்துவந்த தடித்த புத்தகம், கருஞ்சிவப்பு பைண்டிங், முதுகில் வெள்ளை பெயிண்ட்டில் 412 என்று எழுதியிருக்கும். அட்டை, தலைப்பு, எழுதியவர் பெயர் எதுவும் கிடையாது. திறந்தால் நேராகக் கதை. படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற ஒருத்தி, ஒருநாள் காலையில் வீட்டைப் பூட்டி, சாவியை ஜன்னல் மேலேயே வைத்துவிட்டு, புருஷனிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிப் போய்விடுகிறாள். புத்தகத்தின் பின்பாதியில் கொட்டுகிற மழையில் ரயிலைவிட்டு இறங்கி வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். கிழடு தட்டிப்போன புருஷன் திறந்து, “யாரு?” என்று கேட்கிறான். வீட்டைவிட்டு வந்து தனியாகக் கிடந்த இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு அது போதாதா? தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பக்கத்துப் பாய்க்காரன் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தான்.

கல்யாணமான முதல் வாரத்தில் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னார். அவள் பாதியிலேயே, “இது எனக்குத் தெரியுமே. ஸ்கூல் லைப்ரரியில படிச்சிருக்கேன். ஆனா அவ திரும்பி வரமாட்டாளே” என்றாள்.

“வருவா. மழையில வருவா.”

“மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“நீ படிச்சது குட்டிப் புள்ளைங்களுக்குச் சுருக்கிப் போட்டதா இருக்கும். நான் படிச்சது இவ்வளவு தடி.”

“தடியா இருந்தா சரியா இருக்கும்னு யார் சொன்னா?” என்று அவள் அவரையே மேலும் கீழும் பார்த்தாள்.

முப்பத்தொரு வருஷம் இந்த வழக்கு தீரவில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால், “பாத்தியா, திரும்பி வந்துட்டே” என்பார். “நான் வேற, அவ வேற” என்பாள் அவள். விருந்தாளிகள் முன்னால் சண்டை நடக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது, “அவ வந்தாளா, வரலியா, ஒரு முடிவுக்கு வாங்க” என்று தலையில் கைவைத்துக்கொள்வாள். அவர் குரல் பெரிசு. அவள் கடைசிவரை சொல்லி முடிக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் ஏழாவது நாள், டாக்டரம்மா அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். ரத்தத்தில் உப்பு குறைந்துகொண்டே வருகிறது, சிலருக்கு அதில் குழப்பம் வரும், வந்திருக்கிறதா என்று தெரியவேண்டும் என்றார். “தேதி கேட்டா சொல்றாங்க. ஆனா அத வெச்சு மட்டும் சொல்ல முடியாது. பழசா, அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயமா ஒண்ணு கேட்டுப் பாருங்க. சரியா தப்பான்னு உங்களுக்குத்தானே தெரியும்?”

இது மெக்கானிக்குப் புரிந்த பாஷை. பழுது பார்க்கப் போகிறவன் மீட்டரை முதலில் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் வைத்துப் பார்ப்பான். அங்கே சரியாகக் காட்டினால்தான் மற்ற இடத்தில் காட்டுவதை நம்பலாம். அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த புள்ளி அந்தப் புத்தகம்தான். அவளுக்கும் ஒரு சிரிப்பு வரட்டுமே என்று கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்: “சரி சொல்லு. அவ கடைசில என்னதான் பண்ணினா?”

சிரிக்கத்தான் செய்தாள். “இப்பவாவது முழுசா கேளுங்க. நடுவுல கத்தக்கூடாது.”

கத்தவில்லை. அவள் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். கடிகாரக் கடைக்கு மேலே ஒரு மாடியறை. கீழே மணியடித்தால் தரை அதிரும். கம்பெனிகளுக்கு உறைமேல் விலாசம் எழுதிக் கொடுத்து அவள் பிழைக்கிறாள். பழைய மேஜை ஒன்று வாங்குகிறாள். அதற்கு ஒரு கால் குட்டை. எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒருநாள் புருஷனிடமிருந்து கடிதம் வருகிறது. எப்படியோ விலாசம் கண்டுபிடித்துவிட்டான். திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பிரிக்கவில்லை. நான்காக மடித்துக் குட்டைக்காலுக்கு அடியில் வைக்கிறாள். உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கிறாள்.

“அவ்வளவுதான். முடிஞ்சுது” என்றாள். சொல்லி முடித்த திருப்தி முகத்தில் இருந்தது.

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.  “ஆமா டாக்டர். இல்லாத கதையெல்லாம் சொல்றா” என்றார். டாக்டரம்மா ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவள் கேட்டாள். “என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இதுக்குமேல இங்க ஒண்ணும் ஆகப்போறதில்ல. எனக்குத் தெரியுது. பயமெல்லாம் இல்ல. நம்ம ரூம்லயே படுத்துக்கறேன்.”

“போலாம்மா, போலாம்.”

மறுநாளும் கேட்டாள். நர்ஸிடம் கேட்டாள், டாக்டரிடம் கேட்டாள், மகளிடம் கேட்டாள். எல்லாருக்கும் ஃபைலில் எழுதியிருந்தது தெரியும். எல்லாரும் போகலாம் என்றார்கள். மூன்றாவது நாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னங்க, எங்கிட்ட சின்னப்புள்ளைகிட்ட பேசற மாதிரி பேசறீங்க?” என்றாள்.

“இல்லியே.”

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்த பதினோராவது நாள், அதே கட்டிலில், கையில் ஊசியோடு போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மெக்கானிக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மேஜை புத்தகத்தில் இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் அவர் டாக்டரிடம் சொன்னது சரி. அவள் கேட்டது உப்பு குறைந்த மூளை கேட்டது. இருக்கிறதென்றால், தெளிந்த புத்தியோடு, தன் வீட்டில் கண்ணை மூடவேண்டும் என்று கேட்ட ஒருத்தியை அவர் பதினோரு நாளும் ஏமாற்றியிருக்கிறார்.

இருப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் டூல் பையைத் தோளில் மாட்டியபடியே பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினார். பெயரும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. தடிப் புத்தகம், படகுத்துறை, ஓடிப்போனவள், மழையில் திரும்புகிறவள். ஒரு கடைக்காரர், “இந்த மாதிரி அடையாளத்துக்கு போலீஸ்லகூட புகார் எடுக்க மாட்டாங்க” என்றார். இன்னொருவர் சளைக்காமல் பன்னிரண்டு தடிப் புத்தகங்களை எடுத்துப் போட்டார். எதிலும் படகே இல்லை. ஓடுகிற லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு, கீழே ஏறுகிற பெரியவர்களின் குரலைக் கேட்டதும், அந்தக் காலத்து ஆளாக இருக்குமே, கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். ஒருமுறை கேட்டும்விட்டார். கூரைக்கு மேலிருந்து, “அம்மா, கதை படிக்கிற பழக்கம் உண்டா?” என்று திடீரென்று குரல் வந்தால் யாருக்குத்தான் நெஞ்சு நிற்காது? அந்த அம்மாள் கம்பெனிக்கு போன் போட்டுவிட்டாள்.

“அப்பா, நீங்க ஒரு இடத்துல உக்காருங்க” என்றாள் மகள் போனில். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். பின்னால் துளையிடுகிற சத்தம் கேட்கும். “அம்மா ஞாபகமா இருந்தா போட்டோவ எடுத்துப் பாருங்க. ஒரு புத்தகத்துக்காக எதுக்கு இப்படித் தெருத்தெருவா அலையறீங்க?”

எதற்காக என்று அவர் சொல்லவில்லை. “சும்மாதான்மா. யாரு ஜெயிச்சான்னு பாக்கலாமேன்னு.”

பொது நூலகத்தில் இருந்த லைப்ரரி மேடத்துக்கு எப்போதும் ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பதில் சொல்வார்.

“அட்டை என்ன கலர்?”

“கருஞ்சிவப்பு. ஆனா அது பைண்டிங்கு.”

“நல்லவேளை. நீல அட்டைன்னு தேடிட்டு வர்றவங்களுக்கு நான் தனியா ஒரு அலமாரியே வெச்சிருக்கேன். எவ்வளவு பெரிசு?”

அவர் விரல்களை அகட்டிக் காட்டினார்.

“கடைசில வீட்டுக்குத் திரும்பிடறா. நிச்சயமா?”

“நிச்சயம். நான் அழுதிருக்கேன்.”

மேடம் கம்ப்யூட்டரில் தட்டினார், எழுந்துபோய் இரண்டு அலமாரிகளைப் பார்த்தார், யாருக்கோ போன் போட்டார். “ஐயா, அந்தக் காலத்துல இவ்வளவு பெரிசா எழுதினவங்க எண்ணிப் பாத்தா பத்துப் பேர்தான். அவங்க எழுதுனது அத்தனையும் எனக்குத் தெரியும். படகுத்துறைக்காரி யாருகிட்டயும் இல்ல. நீங்க எடுத்த இடத்துலயே கேட்டுப் பாருங்களேன்.”

எடுத்த இடம் இப்போது கண்ணாடிக் கடை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் புத்தகம் அடுக்கியிருந்த சுவரில் மூக்குக்கண்ணாடி அடுக்கியிருந்தது. கடைக்காரரிடம் லைப்ரரிக்காரரைப் பற்றிக் கேட்டார். “நம்பர்காரரா? இடம் அவர் பொண்ணு பேர்லதான் இருக்கு. அவங்க வீட்லதான் இருக்கார், நல்லாத்தான் இருக்கார்” என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்.

நம்பர்காரர் என்ற பெயர் அவருக்கு அப்போதே உண்டு. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், உறுப்பினர் நம்பர்தான். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவனிடம் “வாங்க நூத்தி நாலு, பொண்ணு எந்த ஊரு?” என்று கேட்டவர். மகள் வீட்டு நாலாவது மாடியில், ஜன்னலோர நாற்காலியில், சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“உங்க நம்பர் என்ன?”

“எண்பத்தாறு.”

“எண்பத்தாறு! ஒரு புத்தகத்த மழைல நனைச்சுட்டு, அடுப்பு மேல காய வெச்சுக் கொண்டாந்தது நீதானே?”

“அது எங்க ரூம்காரன்.”

“எல்லாரும் அதத்தான் சொல்றீங்க. சரி, லிஃப்ட்டுல வந்தியா? எல்லா மாடியிலயும் ரெண்டு அங்குலம் கீழயே நிக்குது. கால் தடுக்கி விழறேன். போறப்ப பாத்துட்டுப் போ.”

பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பேச்சு மேலே போனது. படகுத்துறை என்றதும் நம்பர்காரர் உதட்டைப் பிதுக்கினார். அவர் வாழ்நாளில் ஒரு கதைகூடப் படித்தவரில்லையாம், கண்ணுக்குக் கெடுதல். ஆனால் 412 என்றதும் நிமிர்ந்தார்.

“நானூறுக்கு மேலன்னு சொன்னியா? நிச்சயமா? தடியா இருந்துச்சா? முதல் பக்கம் இருக்காதே?”

“இருக்காது.”

நம்பர்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, மகள் தண்ணீர் கொண்டுவந்து, இருமல் அடங்கி, மறுபடி சிரித்தார். “டேய் எண்பத்தாறு, நானூறுக்கு மேல இருந்ததெல்லாம் கல்யாணம்டா!”

“கல்யாணமா?”

“கைமாறிக் கைமாறி புத்தகம் என்ன கதி ஆகும்? ஒண்ணுக்கு வால் போயிடும், ஒண்ணுக்குத் தலை போயிடும். தூக்கிப் போட மனசு வருமா? கடைசிப் பக்கம் இல்லாத ஒண்ணு, முதல் பக்கம் இல்லாத ஒண்ணு, ரெண்டையும் சேத்து வெச்சுத் தைச்சுடுவோம். பேர் போட்டிருக்கற முதல் தாளக் கிழிச்சுடுவோம். என் சம்சாரம்தான் பொருத்தம் பாப்பா. அவ நல்லாப் படிப்பா. இது அழுகையில நிக்குதா, அழுகையில ஆரம்பிக்கற ஒண்ண எடு. இதுல ரயிலு ஏறுறாளா, ரயில விட்டு இறங்கற ஒண்ணத் தேடு. கச்சிதமா இருக்கும். தடியா இருக்கறதால நல்லாவும் போகும்.”

“யாரும் கேக்கலியா?”

“எதுக்குக் கேக்கறான்? நீ கேட்டியா?”

மெக்கானிக் கேட்கவில்லை. பின்பாதியில் அவளுக்கு வேறு பெயர் வந்ததுகூட இப்போது ஞாபகம் வந்தது. வெளியூரில் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது தானாகவே நினைத்துக்கொண்டார். முன்பாதியில் ஒல்லியாக இருந்த புருஷன் பின்பாதியில் தொந்தியோடு கதவைத் திறந்தான். கவலையில் சில பேர் பெருத்துப்போவார்கள் என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டார். மழையில் இறங்கி வந்தவள் வேறு யாரோ. யாரோ ஒருத்தி, தான் விட்டுப்போன யாரோ ஒருவன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். அதை வைத்துத்தான் முப்பத்தொரு வருஷம் கத்தினார். அதை வைத்துத்தான் மீட்டர் பார்த்தார்.

“உன் முகம் ஏன் இப்படிப் போச்சு? காசு திருப்பித் தரணுமா?” என்றார் நம்பர்காரர்.

சொன்ன வாக்குக்கு மெக்கானிக் லிஃப்டைப் பார்த்தார். மேல்மாடிக்கு ஏறி, பிரேக்கை இறுக்கி, ஒவ்வொரு மாடியாக நிறுத்திப் பார்த்தார். இரண்டாவது மாடியில் மட்டும் அரை அங்குலம் கீழே நின்றது. சாதாரணமாக அதையும் விடமாட்டார். அன்று விட்டுவிட்டு நேராக நூலகத்துக்கு ஓடினார்.

“முதல் பாதி மட்டும் சொல்றேன். மழைய மறந்துடுங்க. தடியையும் மறந்துடுங்க.”

லைப்ரரி மேடம் கேட்டார். ரயிலேறியதோடு அவர் நிறுத்தியதும் மேடம் கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு, “ஐயா, இத முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. இது சின்னப் புத்தகம்” என்று விரலால் ஒரு நகக்கனம் காட்டினார். “எங்ககிட்ட இல்ல. வேற கிளைல ஒரு காப்பி இருக்கும். வரவழைக்கறேன். ஒரு வாரம் ஆகும்.”

“கடைசில மேஜை வருமா?”

“படிச்சு இருபது வருஷமாச்சு. வந்ததும் நீங்களே பாத்துக்குங்க.”

அந்த ஒரு வாரத்தை அவர் எப்படிக் கழித்தார் என்று அவரைக் கேட்டால் தெரியாது. இரண்டு இடத்தில் டூல் பையை மறந்து வைத்தார். ஒரு குடியிருப்பில் லிஃப்டின் கீழ்க்குழிக்குள் இறங்கி, எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் ஏறிவந்தார். மேஜை இருக்கக்கூடாது என்று சில நேரம் வேண்டிக்கொண்டார். இல்லாவிட்டால் அவர் தப்பித்தார். உடனே தன்மேலேயே ஆத்திரம் வரும்: தான் தப்பிப்பதற்காக அவளைக் குழம்பினவளாக்க வேண்டுமா? அப்படியானால் இருக்கட்டும் என்று நினைப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்வார்.

புத்தகம் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வாசிப்பு அறையில் உட்கார இடம் இருந்தும் அவர் அலமாரியோரம் நின்றுகொண்டே கடைசி அத்தியாயத்தைத் திறந்தார். கடிகாரக் கடை இருந்தது. மணியடித்தால் அதிரும் தரை இருந்தது. உறைமேல் விலாசம் எழுதுகிற வேலை இருந்தது. மேஜை இருந்தது. கடிதம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிரிக்கவில்லை. மனைவி சொன்னதில் ஒரே ஒரு பிசகு: புத்தகத்தில் கடிதத்தை இரண்டாகத்தான் மடிக்கிறாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் படித்ததை, மூச்சு முட்டிக்கொண்டு படுத்திருந்தவள் ஒரு மடிப்பைத் தவிர எல்லாவற்றையும் அப்படியே சொல்லியிருக்கிறாள்.

“கிடைச்சுதா?” என்றார் மேடம்.

“கிடைச்சுது” என்றார். கூடவே, “நல்லாத்தான் இருந்திருக்கா” என்றார். யாரைச் சொல்கிறார் என்று மேடம் கேட்கவில்லை.

மகள் வேலை செய்யும் இடத்துக்குப் போனார். மதிய இடைவேளை. வெளியே படிக்கட்டில், பாதி சாப்பிட்ட டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை எதற்காகத் தேடினார் என்பதையும் சொன்னார். வராந்தா, டாக்டர், இல்லாத கதையெல்லாம் சொல்றா என்று அவர் சொன்னது, ஃபைல். டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்த மகள் கடைசியில் மூடிவிட்டாள்.

“இத ஏம்ப்பா எங்கிட்ட சொல்றீங்க?”

“உங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?”

“எங்கிட்டயும்தான் கேட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடின்னு. அப்பா சொல்லிட்டாரே, அம்மாவுக்குப் புத்தி தெளிவா இல்லன்னு, அப்புறம் என்னன்னு நான்...” அவள் குரல் உடைந்தது. உடைந்ததும் கோபம் வந்தது. “எனக்கு அது நிம்மதியா இருந்துச்சுப்பா, தெரியுமா? அம்மா தெரிஞ்சு கேக்கல, தெரியாமத்தான் கேக்கறாங்கன்னு. இந்த நாலு மாசமும் அத வெச்சுத்தான் தூங்கறேன். அதையும் புடுங்கிட்டீங்க.”

 உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை.

“வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாங்க” என்றாள்.

“பொழைக்கணும்னு அவ கேக்கலியேம்மா.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “இப்ப என்ன பண்ணப்போறீங்க?”

“ஆஸ்பத்திரிக்குப் போறேன். அந்த ஃபைல்ல நான் சொன்னது தப்புன்னு எழுதச் சொல்றேன்.”

“அத யாருப்பா படிக்கப் போறா?”

“யாரும் படிக்க வேணாம். அவ குழம்பிட்டான்னு ஒரு எடத்துல எழுதியிருக்கு. நான் சொல்லித்தான் எழுதியிருக்கு. அது அப்படியே கிடக்கறது எனக்குப் பொறுக்கல.”

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கைப்பையோடு வந்தாள். “பஸ்ஸா, ஆட்டோவா?” என்று மட்டும் கேட்டாள். வழியெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் வந்தாள், ஆனால் வந்தாள்.

ஆவணப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி வெளுக்கிற இடத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது. கவுண்ட்டருக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை ஃபைல். கிளார்க் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

“டிஸ்சார்ஜா, டெத்தா?”

“டெத்” என்றாள் மகள்.

“சர்டிபிகேட்டுல பேர் தப்பா?”

“பேர் தப்பில்ல. உள்ள ஒரு தகவல் தப்பு” என்றார் மெக்கானிக். “நான் கொடுத்த தகவல்.”

கிளார்க் அவர் சொன்னதைக் கேட்டார். புத்தகம், மேஜை, கல்யாணம் எல்லாவற்றையும் கேட்டார். நனைத்த பிஸ்கட் டீக்குள்ளேயே கரைந்து விழுந்தது. “சார், நீங்க நல்லவரா இருக்கீங்க. ஆனா இறந்தவங்க ஃபைல்ல டாக்டர் எழுதினத யாரும் திருத்த முடியாது. டாக்டரே நெனச்சாலும் முடியாது.”

“அடிக்க வேணாம். நான் ஒரு தாள் எழுதிக் குடுக்கறேன். அதுகூடச் சேத்துத் தைச்சு வெச்சுடுங்க.”

“அப்படி ஒரு வழக்கமே இல்லியே.”

“இல்லாட்டி என்ன?” என்றாள் மகள். “தைக்கறதுக்கு வழக்கம் எதுக்கு? நூல் இருந்தா போதும்.”

கிளார்க் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என்ன நினைத்தாரோ, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். “சுருக்கமா எழுதுங்க. கதையெல்லாம் வேணாம்.”

மெக்கானிக் கவுண்ட்டர் ஓரமாக நகர்ந்து எழுதினார். தேதி போட்டார். அவள் பெயர், வார்டு, கட்டில் எண் போட்டார். இன்ன தேதியில் டாக்டரிடம் நான் சொன்ன தகவல் தவறானது என்று எழுதினார். மனைவி சொன்னது முழுக்கச் சரி என்பதை இப்போது நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று எழுதினார். பிறகு கை நின்றது. பேனாவை உதறினார், மகளைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவள் கேட்டபோது தெளிந்த அறிவோடுதான் கேட்டாள் என்று நினைக்கிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்தார்.

மகள் நின்றபடியே படித்தாள். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். கடைசி வரியில் ‘என்று நினைக்கிறேன்’ என்பதை மட்டும் அழுத்தி ஒரு கோடு போட்டு அடித்தாள். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தையும் போட்டு, தாளை உள்ளே தள்ளினாள்.